குளிகையில் போட்ட ஊசி

ஆஸ்டின் டவுனில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஊசிக்குப் பயந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு ஆதாரமும் கையோடு கொண்டுவந்த ஒரே ஆள் வெங்கடசாமி அண்ணா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மீசை மட்டும் கால் கிலோ தேறும்.

அவருடைய மகள் சிந்து ஜெர்மனியில் இருக்கிறாள். பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அவள் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகாதவர்கள் பாப்பாவைத் தூக்கக் கூடாது. தன்னைப் பெற்ற அப்பாவே ஆனாலும் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். முத்தம்மா அக்கா உட்கார்ந்தார், போட்டுக்கொண்டார், கையைத் தேய்த்தபடி எழுந்துவிட்டார். அண்ணா சட்டைப்பையிலிருந்து கிழித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார்.

"ராகு காலம் சிஸ்டர். பன்னெண்டு வரைக்கும் இருக்குது. நல்ல காரியம், இப்போ வேணாம்."

"அக்காவுக்கு இப்பதானே போட்டேன்?"

"அவளுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். எமகண்டம் என்று திரும்பிப் போனார். செவ்வாய்க்கிழமை மூன்றேகாலுக்கு வந்தார். மறுபடியும் ராகு காலம்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். காலண்டரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் லீவு நாள் மட்டும்தான். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் எல்லாரும் நல்ல நேரம் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். இந்த மனுஷன் கெட்ட நேரம் பார்த்தல்லவா கிளம்புகிறார்! அன்று சாயங்காலமே எதிர்க்கடை காலண்டரை இரவல் வாங்கிப் படித்தேன்.

புதன்கிழமைதான் கடைசி நாள். அன்றைக்குப் போட்டால்தான் அவர்கள் ஜெர்மனி போய்ச் சேரும்போது இரண்டு வாரம் முடிந்திருக்கும். பத்தே முக்காலுக்குத் தனியாக வந்தார்.

"எமகண்டம் காலையிலேயே போச்சு. ராகு காலம் பன்னெண்டுக்குத்தான். உக்காருங்கண்ணா" என்றேன்.

லைசென்ஸ் இல்லாமல் போலீஸிடம் மாட்டியவர் போல விழித்தார். பிறகு மெல்லத் தாளை எடுத்தார்.

"இப்போ குளிகை சிஸ்டர். குளிகையில எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும். அதான் பொணத்தைக்கூட எடுக்க மாட்டாங்க. ஊசி போட்டுக்கிட்டா என் கதி என்னாவறது?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"இந்த ஊசி எதுக்குண்ணா? பாப்பாவைத் தூக்கறதுக்குத்தானே? அப்போ அதுவும் திரும்பத் திரும்ப நடக்கட்டுமே!"

அவர் போனை எடுத்துப் பேத்தியின் படத்தைப் பார்த்தார். துணிச் சுருளுக்குள் மூக்கும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

"கை எவ்ளோ சின்னது பாருங்க" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மீசை நடுங்கியது. இவ்வளவு நாளும் நிஜமாகவே பயந்திருக்கிறார், பாவம். கேலி செய்ய வாய் வரவில்லை எனக்கு.

"எப்போ போடுவீங்க சிஸ்டர்?"

"போட்டாச்சு, எந்திரிங்க."

ஒன்றரை மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது.

"குளிகை பலிச்சுப்போச்சு சிஸ்டர். இன்னைக்குப் பாப்பாவுக்கு ஊசி. நான்தான் மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தேன். தங்கம், கொஞ்சமாத்தான் அழுதா."

பின்னாலிருந்து முத்தம்மா அக்காவின் குரல் கேட்டது.

"கூட யாரு அழுதாங்கன்னு கேளு சிஸ்டர்!"