ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்கு வந்த சோதனை

பல் டாக்டர் கை வைத்த பற்கள் எதுவும் இதுவரை அவரைக் குறை சொன்னதில்லை. குறை சொன்னவை எல்லாம் வீட்டுச் சாமான்கள்தான். சீலிங் ஃபேனைக் கழற்றி மாட்டினார். அன்றிலிருந்து அது காற்றை மேல்மாடிக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. காலிங் பெல்லைச் சரிசெய்தார். இப்போது வாசலில் யாராவது பெல்லை அழுத்தினால் சத்தம் வராது, குளியலறை விளக்கு எரியும். உள்ளே யார் குளித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள்தான் "யாரோ வந்திருக்காங்க" என்று கத்த வேண்டும்.

மனிதர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பதினெட்டு முனைகள் கொண்ட ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்றைச் சிவப்புப் பெட்டியில் வைத்துப் பொத்திப் பொத்திப் பாதுகாத்து வந்தார். அதைத் திறக்கும்போது அவர் முகத்தில் தெரியும் பூரிப்பு கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை என்பது மனைவியின் நெடுநாள் மனக்குறை.

மனைவி, வீடு கட்டப்போகிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பவள். ஒரு செங்கல்கூட வைக்காத வீட்டுக்குள், கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு நடை போய்வரலாம். ஆனால் அவளுடைய ஒன்பது வருஷத்துக் கம்ப்யூட்டரில் அந்த நடை வாசற்படியோடு நின்றுவிடும். கதவு பாதி திறக்கும். படம் அப்படியே உறைந்துபோகும். வந்தவர்கள் அவள் முகத்தையே பார்ப்பார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுப் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினாள். அது இழுக்கும் மின்சாரத்துக்குப் பழைய பவர் சப்ளை ஈடுகொடுக்காது என்றார்கள், அதையும் வாங்கினாள். மாட்டித் தர அவள் தம்பி வருவதாக ஏற்பாடு. தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்குப் போய் உன் தம்பியா? நாலு ஸ்க்ரூ, நாலு ஒயர். தெனமும் கடைவாய்ப் பல்லுல வேர் வரைக்கும் போய்ட்டு வரவன் நான்!"

"ஃபேனைக் கழட்டறப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"ஃபேனுக்கு வேர் கெடையாது."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, பண்ணுங்க. நாலு மணிக்குப் புருஷனும் பொண்டாட்டியுமா ரெண்டு பேர் வீட்டைப் பாக்க வராங்க. அதுக்குள்ள இது ஓடலேன்னா அந்தச் சிவப்புப் பெட்டி என் தம்பிக்குப் போயிடும். அப்புறம் இந்த வீட்டுல நீங்க தொடக்கூடிய ஒரே கருவி பல்லு தேய்க்கிற பிரஷ்தான்."

டாக்டர் தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேலே விளக்கைச் சாய்த்து வைத்தார். அவருக்கு வேலை என்றால் ஒரே முறைதான் தெரியும். கையுறை போட்டார், முகமூடி மாட்டினார், பூதக்கண்ணாடி வைத்த கண்ணாடியை அணிந்தார். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் இடுக்கி, பஞ்சு, சின்ன பிரஷ் எல்லாம் வரிசையாக இருந்தன.

"பயப்படாதீங்க, லேசா ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்" என்றார் கம்ப்யூட்டரிடம்.

"அதுக்குக் குடுக்கிற மரியாதையில பாதி எனக்குக் கெடைச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் மனைவி.

மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்பது வருஷத் தூசி. "ஒழுங்கா பிரஷ் பண்றதே இல்ல போலிருக்கே" என்று கடிந்துகொண்டே சுத்தம் செய்தார். பழைய கிராபிக்ஸ் கார்டைப் பிடித்திருந்த கொக்கியை விலக்கி, இப்படியும் அப்படியும் பதமாக அசைத்து, நேராகத் தூக்கினார். சேதாரமில்லாமல் வந்தது. கண்ணருகே வைத்துத் திருப்பிப் பார்த்து, "முழுசா வந்துடுச்சு" என்று தட்டில் போட்டார். பிடுங்கிய இடத்துக்கு வழக்கமாகச் செய்ய வேண்டியதைக் கையோடு செய்து முடித்துவிட்டுப் பவர் சப்ளைக்குப் போனார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பவர் சப்ளையை அவர் மாட்டிய அழகை எந்தக் கடைக்காரனும் மாட்டியிருக்க மாட்டான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பழையதை உருவினார், புதியதைப் பொருத்தினார். கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, தடித்தடியான கறுப்பு ஒயர்களை அததற்குரிய இடத்தில் சொருகினார். மணி இரண்டரை. சிவப்புப் பெட்டியை ஒரு தட்டு தட்டிக் கொடுத்தார். அங்கேதான் கண் பட்டிருக்க வேண்டும்.

புது கிராபிக்ஸ் கார்டு உட்காரவே மாட்டேன் என்றது. ஒரு முனை இறங்கினால் மறு முனை கிளம்பியது. கார்டு செங்கல் தடிமன். கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. அழுத்தினார், கெஞ்சினார், "வாயை இன்னும் கொஞ்சம் பெருசா" என்றார். கடைசியில் ஒரு ஸ்க்ரூவைக் கோணலாக முறுக்கிவிட்டு, பொத்தானை அமுக்கினார். விசிறிகள் எல்லாம் ஜோராகச் சுற்றின. திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

"தப்பான சைஸைக் குடுத்து ஏமாத்திட்டாங்க!"

"சைஸ் சரியான்னு தம்பியைக் கேட்டுத்தான் வாங்கினேன்."

"அப்போ உள்ள வீக்கம் இருக்கு. வடியட்டும். ரெண்டு நாள் கழிச்சு..."

அவர் முடிப்பதற்குள் குளியலறை விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள் மனைவி. வாசலில் தம்பி. அக்காள் புருஷன் திண்டாடுவதைப் பார்க்க, வர வேண்டாமென்று சொல்லியும் வந்திருந்தான்.

டாக்டர் சிவப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான பேரை வாய் திறக்க வைத்த மனிதருக்கு வாயே திறக்கவில்லை. மனைவிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாக இருந்தது.

"ப்ளக்கைப் புடுங்குங்க. டார்ச்சைப் புடிங்க" என்றாள்.

கோணல் ஸ்க்ரூவைக் கழற்றிக் கார்டைத் தூக்கினாள். ஒயர்களை ஒதுக்கிவிட்டு, கார்டு உட்கார வேண்டிய பள்ளத்துக்குள் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு இடுக்கியை எடுத்து, உள்ளே இறுகப் படிந்திருந்த வெள்ளையான ஒன்றைப் பிசிறில்லாமல் வெளியே இழுத்தாள்.

"என்னங்க இது?"

டாக்டர் பார்த்தார். முகமூடிக்கு மேலே காது இரண்டும் சிவந்தன.

"பஞ்சு" என்றார் மெல்ல.

"எதுக்கு?"

"புடுங்கின எடத்துல வைக்கிறது. இருபது வருஷப் பழக்கம். கை தானா வச்சிடுச்சு."

குளியலறை விளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து கொண்டிருந்தது. வாசலில் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. மனைவி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்டை இறக்கினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. ஸ்க்ரூவை முடுக்கி, ஒயரைச் சொருகி, பொத்தானை அமுக்கினாள். திரையில் வீடு வந்தது. கதவு முழுசாகத் திறந்தது. கூடம், சமையலறை, மாடிப்படி என்று படம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மனைவி போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வந்த தம்பி திரையைப் பார்த்து வாயைப் பிளந்தான். "யாருக்கா மாட்டினது?"

"உங்க மாமாதான். நான் டார்ச்சுதான் புடிச்சேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தார். நினைத்த கையோடு நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெருசா ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. கை பழகணும், அவ்வளவுதான்."

"அசத்திட்டீங்க மாமா! கடையில இதே மாதிரி அஞ்சாறு கெடக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து ஒரு கை குடுங்களேன்."

டாக்டர் 'வந்துட்டாப் போச்சு' என்று சொல்ல வாயெடுத்தார். தம்பிக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி, மூடிய கையை மெல்லத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் பஞ்சு இருந்தது. இனி இந்த ஜென்மத்துக்கு அது எங்கே இருக்கும், எப்போதெல்லாம் வெளியே வரும் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்துபோயிற்று.

"ஞாயித்துக்கிழமையா? எனக்குக் கிளினிக் இருக்கே மாப்பிள்ளை."

"இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதானே மாமா?"

நல்லவேளையாகக் குளியலறை விளக்கு எரிந்தது. மணி நாலு, வீடு பார்க்க வந்துவிட்டார்கள்.