மாடிக்கு அனுப்பப்பட்டவர்கள்

சாப்பிட்ட தட்டுகளை எடுத்து வைப்பதற்குள் அண்ணி மூன்று தடவை சொல்லிவிட்டாள், பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனால் நன்றாக இருக்கும் என்று. முதல் தடவை பொதுவாகச் சொன்னாள். இரண்டாவது தடவை நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாவது தடவை நாத்தனாரின் தோளில் கைவைத்து, "நீ இருந்தாதான் அதுங்க அடங்கும்" என்று சிரித்தாள். இந்தக் குடும்பத்து மருமகளாக வந்த நாளிலிருந்து அண்ணி அவள் தோளில் கைவைத்ததில்லை.

நாத்தனார் என்பது அண்ணிக்கு மட்டும்தான். அண்ணன் மகளுக்கு அவள் அத்தை, அக்கா பிள்ளைகளுக்குச் சித்தி. அந்தத் தோள் தட்டலிலேயே அத்தைக்குப் பொறி தட்டிவிட்டது.

விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்று இந்த வாடகை வீட்டை ஏற்பாடு செய்தவன் அண்ணன். டீக்கடையில் கூட மற்றவர்கள் பையில் கைவிடும்வரை காத்திருக்கிறவன் அவன். அடுத்தவர் வீட்டில் ஒரு டம்ளர் கழுவாத அக்கா, கழுவுதொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, பாதிப் பாத்திரத்தில் கையை நிறுத்திக்கொண்டு நின்றாள். அக்கா வீட்டுக்காரரை ஐஸ்க்ரீம் வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். ஃப்ரீசரில் ஐஸ்க்ரீம் இருந்ததை அத்தை காலையிலேயே பார்த்திருந்தாள். அண்ணி தன் செல்போனைத் திரை தெரியாமல் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் போனும் கையுமாக இல்லாமல் அத்தை அவளைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

என்ன நடக்கிறது என்பதை அத்தை ஊகித்துவிட்டாள். பெரியவளைப் பற்றிய பேச்சுதான்.

பெரியவள், அண்ணனின் ஒரே மகள், ஆறு வயதில் அத்தையிடம் வந்தாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அப்போது ஊர் ஊராக மாற்றல். பள்ளிப் படிப்பு கெட்டுவிடும், கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கட்டும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போய், பெண்ணுக்கு இப்போது பதினாலு வயது. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். இப்போது மாற்றல் தொல்லை ஓய்ந்து, அண்ணன் மூன்று படுக்கையறை உள்ள வீடு ஒன்றுக்குக் குடிபோயிருந்தான். போன மாதம் தொலைபேசியில் என்னவோ பேசிக்கொண்டிருந்தவன், சம்பந்தமே இல்லாமல், அவள் ஜன்னல் ஓரமாகப் படுப்பாளா, சுவர் ஓரமாகவா என்று கேட்டான். சுவர் ஓரமாக என்று அத்தையும் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் கேள்வி உறைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரே பயம்தான். வளர்த்த பெண்ணைத் திருப்பிக் கேட்கப்போகிறார்கள்.

தெரிந்தும் மாடி ஏறினாள். கேட்டால் அண்ணன் மழுப்புவான். மேலே இருந்துகொண்டு காதைத் தீட்டிக்கொள்வதே நல்லது என்று நினைத்தாள். காதுதான் அவள் பிழைப்பு. குழந்தைகளின் செவித்திறனைப் பரிசோதிப்பது அவள் வேலை.

மாடியில் ஒரே ஒரு நீள அறை. சுவரோரம் அடுக்குக் கட்டில்கள், வலை இல்லாத டேபிள் டென்னிஸ் மேசை, பாச்சை உருண்டை வாசம் அடிக்கும் பெரிய மர அலமாரி. பிள்ளைகள் நாலு பேர். பெரியவளைத் தவிர மற்ற மூன்றும் அக்காவுடையவை. மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. மேலுதட்டில் நாலு முடி தெரிய ஆரம்பித்து, கண்ணாடியை விட்டு நகராமல் இருப்பதால் அவன் பெயர் மீசை. அடுத்தவனுக்கு ஒன்பது. விதிமுறை பேசியே எந்த விளையாட்டையும் முடித்துவைப்பதால் வக்கீல். கடைசிக்கு நாலு வயது, பெயர் குண்டூசி. எங்கே கிடக்கிறது என்று தெரியாது, கால் வைத்தால் குத்தும்.

நாலு வயதுக்குப் பிடிப்பது பன்னிரண்டுக்குக் கேவலம். பன்னிரண்டுக்குப் பிடிப்பது நாலுக்குப் புரியாது. சீட்டுக்கட்டைப் பிரித்தால் குண்டூசி ராணிகளை மட்டும் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தூங்கவைத்துவிட்டது. பாட்டுப் போட்டி வைத்தால், ஒரே எழுத்தில் இரண்டு தடவை முடியும் பாட்டு செல்லுமா என்று வக்கீல் வாதாடினான். படம் வரையச் சொல்லிக் கொடுத்த தாள்களை மீசை ராக்கெட்டாக மடித்து ஜன்னல் வழியாகப் பறக்கவிட்டான். வழக்கமாக இந்த நேரத்தில் பெரியவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மேல் கட்டிலில் ஏறிவிடுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும், இடியே விழுந்தாலும் அவள் வழக்கம் அதுதான்.

இன்றைக்கு ஏறவில்லை. சீட்டு வேண்டாம், கண்ணாமூச்சி ஆடலாம் என்றாள். அவளே மேசையை ஓரமாகத் தள்ளினாள், அவளே தன் துப்பட்டாவை நீளவாக்கில் மடித்தாள். மீசை முனகியபோது, உனக்குத் தோல்வி பயம் என்று சீண்டி இழுத்துவிட்டாள். குண்டூசியை என்ன செய்வது என்ற கேள்வி வந்ததும், "அது ஒப்புக்குச் சப்பாணி" என்றாள்.

இதற்கு வக்கீல் விளக்கம் கேட்டான். ஒப்புக்குச் சப்பாணி பிடிபட்டால் ஆட்டம் இழப்பதில்லை, சரி. அது யாரையாவது பிடித்தால்? செல்லாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தால்? அதுவும் செல்லாது, அது என்ன சொன்னாலும் கணக்கில் வராது. தீர்ப்பைக் கேட்டுக் குண்டூசி கைதட்டியது.

முதலில் அத்தைதான் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியவள் பிடிவாதம் பிடித்தாள். தொண்டை வறள்கிறது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அத்தை மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். பெரியவள் குறுக்கே வந்து, இரு, நானே கொண்டுவருகிறேன் என்று இறங்கி ஓடினாள். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, தண்ணீர் கேட்ட அத்தையிடம் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்தவள் அவள். தண்ணீர் வந்த வேகத்தில் பாதி தரையில் கொட்டியது. அத்தை மிச்சத்தைக் குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள். பெரியவள் துப்பட்டாவை எடுத்து அத்தையின் கண்ணைக் கட்டினாள். இறுக்கமாகவே கட்டினாள்.

இருட்டில் காதுக்குக் கூர்மை வந்தது. கீழே குழாய்ச் சத்தம் நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. அண்ணனின் குரல் தனியாக வெகுநேரம் ஓடியது. வார்த்தை புரியவில்லை, ஆனால் கெஞ்சுகிற குரல் என்பது புரிந்தது. அக்காவிடம் அவன் எதற்குக் கெஞ்ச வேண்டும்? அண்ணி ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். அத்தையைச் சுற்றி மூன்று ஜோடிக் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான்காவது ஜோடி எங்கே?

துணியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தாள். பெரியவள் மாடிப்படியின் மேல்முனையில் ஆடாமல் நின்றாள். கீழிருந்து குரல் எழும்போதெல்லாம் அவள் தோள் லேசாகத் தூக்கிக்கொண்டது.

அத்தைக்கு அந்தத் தோள் பழக்கமானது. வெளிச் சத்தம் நுழையாத, அவள் வேலை பார்க்கும் அந்தச் சின்னப் பரிசோதனை அறையில், பீப் என்று கேட்டதும் வாளியில் ஒரு பொம்மைக் கட்டையைப் போடு என்று பிள்ளைகளிடம் சொல்வாள். சில பிள்ளைகள் கேட்டும் கேட்காததுபோல் இருக்கும். பள்ளிக்கூடம் பிடிக்காததோ, வீட்டுச் சண்டையோ, ஏதோ ஒரு காரணம் இருக்கும். கை அசையாது, ஆனால் தோள் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை நேரமும் அத்தை கீழே இருப்பவர்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பவளும் அந்தக் கூட்டணியில் இருக்கிறாள்.

"சித்தி பாக்கறாங்க, அழுகுணி ஆட்டம்" என்று வக்கீல் ஆட்சேபித்தான்.

பெரியவள் சட்டென்று திரும்பினாள். தேவைக்கு மேல் உரக்கச் சிரித்து, சரி, அத்தைக்குத் தண்டனையாக ஆட்டத்தையே மாற்றுவோம் என்றாள். எல்லோரும் ஒளிந்துகொள்ளட்டும், நான் தேடுவேன். அத்தையும் ஒளிய வேண்டும். ஆனால் இந்த அறைக்குள்தான், படி இறங்கக் கூடாது. படி இறங்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அவள் சுவரைப் பார்த்து எண்ண ஆரம்பித்ததும் அத்தை அலமாரிக்குள் நுழைந்தாள். உள்ளே ஏற்கெனவே குண்டூசி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கதவை இழுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். கோட்டு மாட்டும் கம்பி தலையில் இடித்தது.

"நீ கீழ போகக் கூடாது" என்றது குண்டூசி, மூச்சுக்காற்று காதில் படும்படி. "மாமா கூப்பிட்டாதான் போகணும். போனா எனக்குச் சாக்லேட் கிடையாது."

"மாமாவா அப்படிச் சொன்னாரு?"

"இல்ல. பெரியக்கா."

எப்போது என்று அத்தை கேட்டாள். நீ குளிக்கும்போது என்றது. காலையில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்திருக்கிறது. பெரியவர்களின் ஆட்டத்திலும் அது கணக்கில் வராத ஆள், பேச்சு முடியும்வரை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"மாமா வேணாம்னாரு. அத்தை பாவம், அழுவான்னாரு. பெரியக்காதான் அழுதா. நான் உங்க வீட்டுக்கே வந்துடறேன், நீங்களே சொல்லுங்கன்னு அழுதா. எங்கம்மாகிட்ட மொதல்ல சொல்லச் சொன்னா. அத்தை முன்னாடி மட்டும் நான் இருக்க மாட்டேன்னு சொன்னா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் சொன்னது செல்லாதுல்ல?" என்று கேட்டது.

செல்லாது என்று அத்தை சொன்னாள்.

வெளியே மீசை பிடிபட்ட சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியில் கால் வெளியே தெரிந்தால் அது முழுசாகப் பிடிபட்டதாகுமா என்று வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தான். அத்தை மடக்கிய முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக அண்ணன்மேல் சந்தேகம், எத்தனை நாளாக அண்ணிமேல் கோபம். அண்ணனைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். சின்ன வயதிலிருந்தே அவள் கண்ணைக் கசக்கினால் அவனுக்குத் தாங்காது, கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவான். இப்போது கீழே போய் ஒரு மூச்சு அழுதால் போதும். பெண் எங்கேயும் போகமாட்டாள். அண்ணியே சமாதானம் சொல்வாள். பெரியவளுக்கும் அது தெரியும், அதனால்தான் அவள் இத்தனை ஏற்பாடும் செய்திருக்கிறாள்.

அலமாரிக் கதவு திறந்தது.

பெரியவள் இருவரையும் பார்த்தாள். முதலில் குண்டூசியின் முகத்தை, பிறகு அத்தையின் முகத்தை. எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குண்டூசி நைசாக இறங்கி ஓடிவிட்டது.

"எப்போ?" என்றாள் அத்தை, உட்கார்ந்தபடியே.

"லீவு முடிஞ்சதும்."

"நீயா கேட்டே?"

பெரியவள் கதவின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே தலையாட்டினாள்.

"என்ன குறை வெச்சேன்?"

"ஒண்ணும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதான் அத்தை. ஒண்ணுமே குறை இல்ல. நான் பெருமூச்சு விட்டா என்னன்னு கேக்கறே. சிரிச்சா யாருன்னு கேக்கறே. போன்ல பேசும்போது என் தோளைப் பாக்கறே. நீ கேக்கலைன்னாலும் பாத்துட்டே இருக்கேன்னு தெரியுது. எங்கம்மா அப்படி இல்ல. அவங்க என்னைச் சரியாப் பாக்கக்கூட மாட்டாங்க. எனக்கு அது வேணும்."

அத்தை வாயைத் திறந்தாள். யாராவது உன்னிடம் சொல்லிக்கொடுத்தார்களா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் இவள் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது புரிந்து, விழுங்கினாள்.

"அதுக்குத்தான் கண்ணைக் கட்டினியா?"

"நீ பாத்தா கண்டுபிடிச்சிடுவே" என்றாள் பெரியவள். அவள் கண் கலங்கியிருந்தது. அத்தை அதைப் பார்க்காமல், கம்பியில் தலை இடிக்காதபடி குனிந்து வெளியே வந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். இந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று முடிவு சொல்லாமல் போகக் கூடாது என்று வக்கீல் வழிமறித்தான். உங்க பெரியக்கா ஜெயித்துவிட்டாள் என்று அவனிடம் சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே படி இறங்கினாள்.

ஹாலில் பேச்சு நின்றது. அண்ணி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் தொண்டையைச் செருமி, உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், ஆனால் அவசரம் ஒன்றுமில்லை, உனக்குச் சம்மதம் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று எங்கெங்கோ சுற்ற ஆரம்பித்தான். அவன் கண் ஏற்கெனவே அவள் கண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தது. இப்போது அழுதால் போதும்.

"அவளே சொல்லிட்டா" என்றாள் அத்தை. "அவளுக்குன்னு வெச்சிருக்கற ரூம்ல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

அண்ணன் விழித்தான். இல்லை, எதற்கு என்று கேட்டான்.

அத்தையின் வீட்டிலும் இல்லை. வந்த புதிதில் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு அலறியது என்று கழற்றிய தாழ்ப்பாள், குழந்தை வளர்ந்த பிறகும் திரும்பப் போடப்படவில்லை. பெண்ணும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"போட்டுடு. அவ போறதுக்கு முன்னாடி போட்டுடு."

சொல்லிவிட்டு ஃப்ரீசரைத் திறந்து ஐஸ்க்ரீம் டப்பாவை எடுத்தாள். கிண்ணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமாக முடிந்ததை அவர்களால் நம்ப முடியவில்லை. அவள் தட்டோடு படியேறிப் பாதி தூரம் போனதும், கீழே அக்கா குசுகுசுவென்று கேட்பது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மனசுல என்னமோ வெச்சிருக்கா. என்னவா இருக்கும்?"