ரிவர்ஸில் போன மாப்பிள்ளை

இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பிழைப்பே பின்னால் நடப்பதுதான். மருத்துவமனையின் மூன்று மாடிகளையும் தினமும் மாப் போட்டுத் துடைப்பவர். முன்னால் நடந்து துடைத்தால் ஈரத்தில் தன் கால்தடமே பதியும். அதனால் மாப்பை இடமும் வலமும் வீசிக்கொண்டு, குதிகாலால் வழி தேடிக்கொண்டு, லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே போவார். ஒரு நாளும் ஒரு தள்ளுவண்டியில் இடித்ததில்லை. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

பிக்கிள்பால் ஆட அழைத்துப் போனது மனைவியின் அண்ணன், பேருந்து ஓட்டுநர். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, கைக்கு அடக்கமான மட்டை, இடுப்பளவு வலை, பக்கத்துக்கு இரண்டு பேர். இடம், பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் உள்ளரங்கம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆடும்போது அது மறந்துபோகும். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது ஞாபகம் வரும்.

எதிராளி தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டால் மற்றவர்கள் திணறுவார்கள். இவர் மட்டும் முகத்தை வலைப் பக்கமே வைத்துக்கொண்டு குடுகுடுவென்று பின்னால் ஓடுவார். மச்சான் அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்தார். மருத்துவமனையில் அவர் நிதானமாகப் போகிறார், மாப் வேறு மூன்றாவது காலாக ஊன்றியிருக்கிறது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. போன மாதம் குதிகால் தடுக்கி மல்லாந்து விழுந்தார். ஊன்றிய கையின் மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியது.

வீட்டில்தான் விஷயம் பெரிதானது. மனைவிக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய் எட்டு மாதம். கை காதுக்கு மேலே போகாது. தினமும் காலையில் அவளுக்குத் தலை சீவிப் பின்னல் போடுவது அவர்தான். மூன்று வாரம் அவர் ஒற்றைக் கையால் போட்ட பின்னலோடு அவள் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போனாள்.

"கவுண்டர்ல ஒருத்தர் என் தலையவே பாக்கறார்" என்றாள். "காக்கா முட்டை வச்சிருக்கான்னு தேடறார் போல. இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா மட்டை பரண்ல ஏறும். அப்புறம் இறங்காது."

சொன்னால் செய்கிறவள். அவருக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போனால் வாரமே போனது மாதிரி.

கை சரியான பிறகு ஒரு நாள் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "மாப்பைக் கீழ வச்சிட்டு, அப்படியே பின்னாடி ஓடுங்க பாக்கலாம்."

நாலாவது எட்டில் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்தார்.

"அதான். கையில மாப் இருந்தா நீங்க மூணு கால் ஜீவன். இல்லன்னா சாதாரண மனுஷன். மனுஷன் போற பக்கம் திரும்பித்தான் போகணும்."

"எதிராளிக்கு முதுகைக் காட்டறது கேவலம் இல்லையா?"

"உங்க முதுகைப் பாத்து யாரு மயங்கப் போறா? காட்டுங்க."

மறுநாளிலிருந்து மருத்துவமனையில், துடைத்த வராந்தா காய்ந்த பிறகு பழகினார். முழங்காலை லேசாக மடக்கி, முதலில் இடுப்பைத் திருப்பி, ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து, தோளுக்கு மேலே பார்த்தபடி ஓடுவது. ஆரம்பத்தில் இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின.

"என்ன அண்ணே, டான்ஸா?" என்றாள் நர்ஸ்.

"முதுகைக் காட்டப் பழகறேன் சிஸ்டர்."

பின்னல் போடும்போதெல்லாம் மனதுக்குள் வேண்டிக்கொண்டார்: கடவுளே, என் காலுக்குக் கொஞ்சம் புத்தி கொடு. மூளைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதக் கடைசி ஆட்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு: தோற்ற ஜோடி அடுத்த ஒரு மாதம் அரங்கத்தைத் துடைக்க வேண்டும்.

"மாப்ள, துடைக்கறது உனக்கு உத்தியோகம், எனக்கு தண்டனை" என்றார் மச்சான். "மனசுல வச்சு ஆடு."

எதிரே மருந்துக்கடைக்காரரும் அவர் மகளும். அவர் கடையின் வலித்தைலத்தில் பாதி இந்த அரங்கத்துக்காரர்களின் முட்டியில்தான் காய்கிறது. மனைவி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு வீட்டுக்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை அவர் தலைக்கு மேலே பந்து போயிற்று. மூன்று முறையும் திரும்பி ஓடினார். முதல் இரண்டு பந்து கைக்கு எட்டவில்லை; ஆனால் அவர் விழவும் இல்லை. மூன்றாவதை எட்டி அடித்தே விட்டார். பெஞ்சிலிருந்து ஒற்றைக் கையால் தொடையில் தட்டும் சத்தம் கேட்டது.

பதினொன்று எடுத்தால் வெற்றி. எதிராளிக்குப் பத்து, இவர்களுக்கு ஒன்பது. சர்வீஸ் எதிர்ப் பக்கம். இதை விட்டால் ஆட்டம் முடிந்தது. மச்சான் அருமையாக ஒரு பந்தை மருந்துக்கடைக்காரரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். அவர் மேலே பார்த்துக்கொண்டு, முகம் வலைப் பக்கமாக, குடுகுடுவென்று பின்னால் போனார். ஒரு குதிகால் மற்றதை உரசியது. பார்த்த இவருக்கு மணிக்கட்டு சுருக்கென்றது.

"திரும்புங்க சார். திரும்பி ஓடுங்க."

மருந்துக்கடைக்காரர் திரும்பினார், ஓடினார், தரையில் குதித்த பந்தைக் குருட்டாம்போக்கில் திருப்பி அடித்தார். மச்சான் வாயைத் திறந்தபடி மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பந்து இருவருக்கும் நடுவில் சாவகாசமாக விழுந்தது.

"மாப்ள, நீ எந்தக் கட்சி?"

"அவர் விழுந்திருப்பார் மச்சான்."

"விழட்டுமே. மருந்து அவர்கிட்டயேதான் இருக்கு."

"அண்ணா, மாப் அந்த மூலையில" என்றாள் தங்கை, பெஞ்சிலிருந்தே.

இருவரும் துடைக்க ஆரம்பித்தபோது மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். இன்னொரு மாப்பை எடுத்தார். "ஜெயிச்சவன் துடைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்றார். நன்றி சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை போலும். மாப்பைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். ஈரத்தில் ஷூ தடம் வரிசையாகப் பதிந்தது.

"சார், இங்க மட்டும் பின்னாடி போகலாம். மெதுவா."

மூன்று பேரும் மெதுவாகப் பின்னாலேயே போனார்கள். மச்சான் திருப்பத்தில் வாயாலேயே ஹார்ன் அடித்தார்.

திங்கட்கிழமை காலை அவர் இரண்டு கையாலும் அவள் தலைமுடியை மூன்றாகப் பிரித்தார்.

"இறுக்கியே போடுங்க" என்றாள். "கவுண்டர்ல அவர் ஏமாந்து போகட்டும்."

பின்னல் முடிந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில், அவளுடைய இடது கைக்கு எட்டும் உயரத்தில் புதிதாக ஒரு ஆணி. அதில் மட்டை தொங்கிக்கொண்டிருந்தது.