நார்வேக்கு இரண்டு ஜோடி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் மாமனார் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிய வெங்கட், அங்கே இரண்டு பிளாஸ்டிக் டப்புகளைப் பார்த்தான். இரண்டிலும் தண்ணீர். தண்ணீரில் ஐஸ் கட்டிகள். ஒவ்வொரு டப்புக்கும் முன்னால் ஒரு நாற்காலி.

"வாங்கோ மாப்பிள்ளே," என்றார் பத்ரிநாராயணன். "ஷூ வந்துடுத்து. உக்காருங்கோ."

வெங்கட் ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்காகத்தான் கொண்டாப்பூரிலிருந்து வந்திருந்தான். 'நான் கப்பலுக்கு வரலை மாமா.' வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தான். சிக்கல் இல்லாத வாக்கியம். உட்கார்ந்தான்.

நார்வே கப்பல் பயணத்தைப் பதிவு செய்தது அவன் மனைவி சுபாஸ்ரீ. அக்டோபரில் பதினோரு நாள். எல்லாரும் வெயில் இருக்கிற ஊராகத் தேட, அவள் மழை பெய்கிற ஊராகத் தேடினாள். பதிவு செய்த இரண்டாம் மாதம் டெங்கு வந்தது. ஆறு நாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எட்டு மாதம் ஓடிவிட்டது. கப்பல் கம்பெனிக்காரர்கள் வருத்தம் தெரிவித்து, மனைவியின் இடத்தில் வேறொருவர் பெயரைச் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். வெங்கட் அதைப் பேச்சுவாக்கில் மாமனாரிடம் சொன்னான். "நான் வரட்டுமா?" என்றார். "சரி மாமா" என்றான். அந்த எட்டு மாதமாக யார் எது கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அதுதான் சுலபமாக இருந்தது.

யோசித்தது பிறகுதான். பதினோரு நாள், ஒரே அறை, சுபாவின் காதுகளை அப்படியே வைத்திருக்கும் ஒரு மனிதர். அவன் போகாவிட்டால் அவரும் போக முடியாது. பெயர் சேர்க்க இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

பத்ரிநாராயணன் முப்பத்திரண்டு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். ராணுவத்துக்குப் போகும் பெட்டிகளை நனைத்து, குளிரில் வைத்து, குலுக்கிப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதுவது வேலை. ரிட்டயராகி ஆறு வருஷமாக எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

"தண்ணி புகாதுன்னு டப்பால அச்சடிச்சிருக்கான். டப்பாவை நம்பறதுன்னா நான் எதுக்கு?"

ஷூக்கள் கணுக்கால்வரை இருந்தன. தோல் கிடையாது, தோல் நனைந்தால் மறுநாளும் காயாது. ஈரமான கப்பல் தளத்தில் வழுக்காமலிருக்க அடியில் பல் பல்லாக ரப்பர். உள்ளே கம்பளி சாக்ஸ். ஜூலை மாசத்து ஹைதராபாத்தில் கம்பளி சாக்ஸ் போடுவதற்கு வெங்கட்டுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நாப்பத்தஞ்சு நிமிஷம். நடுவுல எழுந்திருக்கப்படாது," என்று சொல்லிவிட்டு அவரும் எதிர் நாற்காலியில் அமர்ந்து தன் டப்பில் காலை வைத்தார். மடியில் ஒரு நோட்டு. பக்கத்தில் தெர்மாமீட்டர்.

அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ராகவேந்திரா எட்டிப் பார்த்தார். அவரும் அதே தொழிற்சாலைதான். என்ன செய்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏம் சேஸ்துன்னாரு பத்ரி காரு?"

"ஷூ டெஸ்டிங்."

ராகவேந்திரா சிரிக்கவில்லை. "என்னி டிக்ரீலு?"

"நாலு."

"சமுத்ரம் கதா, உப்பு வேயலேதா?"

கடலில் உப்பு உண்டு என்பதை மறந்துபோனது பத்ரிநாராயணனுக்கு அவமானமாகிவிட்டது. "கல்பகம்! உப்பு கொண்டா!" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

மாமியார் கல்பகம் ஒரு கையில் காபித் தட்டும் இன்னொரு கையில் உப்பு ஜாடியுமாக ஏறி வந்தாள். அதற்குள் அவர் உட்கார்ந்தபடியே குனிந்து, மருமகனின் ஷூ மேல் குவளை குவளையாக ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழை மேலிருந்துதானே பெய்யும்.

"நன்னா இருக்கு," என்றாள். "கல்யாணத்துல மாப்பிள்ளை காலை அலம்பினேளே, அது போறலையாக்கும்?"

"அது சாஸ்திரம். இது டெஸ்டிங்."

"அன்னிக்குப் பொண்ணைக் குடுத்தேள், அலம்பினேள். இன்னிக்கு எதுக்காம்?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. தட்டையும் ஜாடியையும் தரையில் வைத்தாள். ஐஸ் எடுத்துவருவதாகச் சொல்லிக் கீழே போனாள். டப்பில் ஐஸ் நிறையவே இருந்தது.

பத்ரிநாராயணன் உப்பைப் போட்டார். கலக்கினார். தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினார்.

"நான் கப்பலுக்கு வரலை மாமா," என்றான் வெங்கட்.

"தெரியும்."

"எப்படி?"

"எம் பேரைச் சேக்கணும்னா பாஸ்போர்ட் நம்பர் வேணும். மூணு வாரமா நீங்க கேக்கலை."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"ஷூ பாக்கணும்னா வருவேள். சும்மா வாங்கோன்னா வர மாட்டேள்." அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவளுக்கு வருஷம் முடிஞ்சு வருஷாப்தீகம் பண்ற வரைக்கும் எப்படியும் வந்தாகணும். அது முடிஞ்சா? எங்காத்துக்கு வர உங்களுக்கு என்ன காரணம் இருக்கு? எதாவது ஒண்ணு வேண்டாமா? கப்பல் இருக்கேன்னு பார்த்தேன்."

தண்ணீரின் டிகிரியைச் சொல்லும் குரலிலேயே இதையும் சொன்னார். வெங்கட் சரி என்று சொல்லப் பார்த்தான். இதற்கு அந்தச் சொல் பொருந்தாது என்று தெரிந்தது. மீதி இருபது நிமிடமும் அவர் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

அலாரம் அடித்தது. பத்ரிநாராயணன் தன் ஷூக்களைக் கழற்றினார். சாக்ஸ் காய்ந்திருந்தது. பாஸ் என்று எழுதினார்.

"வலதைக் கழட்டுங்கோ."

வெங்கட் கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது.

"எப்பலேர்ந்து?"

"தெரியலை."

"ஐஸ் தண்ணி, மாப்பிள்ளே. உள்ள போயிருக்கு. தெரியலையா?"

வெங்கட் தன் பாதத்தைப் பார்த்தான். வெளுத்துச் சுருங்கி, யாருடையதோ போல இருந்தது. "தெரியலை மாமா."

பத்ரிநாராயணன் நோட்டில் எதையும் எழுதவில்லை. டப்பை நகர்த்திவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் அந்தப் பாதத்தைத் துடைக்க ஆரம்பித்தார். விரல் விரலாக, இடுக்கு இடுக்காக. வெங்கட் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"ஆட்டாதேங்கோ."

கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலில் ஆரம்பித்து ஊசி ஊசியாகக் குத்தியது. பிறகு பாதம் முழுவதும்.

"வலிக்கறது," என்றான்.

"ரத்தம் திரும்பறது. வலிக்கத்தான் வலிக்கும்."

வலித்தது. நன்றாகவே வலித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்கட் அதைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"மாமா, பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்கோ."

அவர் மனப்பாடமாகச் சொன்னார். ஓர் இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் நடுவில் நிறுத்தி, வெங்கட் தட்டி முடித்ததும் அடுத்ததைச் சொன்னார். படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பயணிக்கு என்ன உறவு? கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், நண்பர், பிறர். மாமனார் என்று எதுவும் இல்லை.

பத்ரிநாராயணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பிறர்னு போடுங்கோ. அதான் கரெக்ட்."

வெங்கட் பெற்றோர் என்பதைத் தொட்டு, அனுப்பிவிட்டான்.

"தப்பு என்ட்ரி," என்றார். திருத்தச் சொல்லவில்லை. துண்டைப் பிழிந்து உதறினார்.

"இடது ஷூவைக் கழட்டுங்கோ. அதையும் பார்த்துடலாம்."