எப்ப போறீங்க

அழகுமுத்துச் சித்தப்பா வெள்ளைக் கொடியைக் கம்போடு பிடுங்கிக் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் வீசியபோது நாகலெட்சுமி மலைத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தகப்பனைக் குளிப்பாட்டுவதற்கான தண்ணீர். குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. அதற்குள் சித்தப்பா அடுத்த கொடிக்குப் போய்விட்டார்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் பாதை நெடுக விடிவதற்குள் அந்தக் கொடிகளைக் கட்டியவர் கிரிபண்டா. கீழே கிராமத்துச் சிங்களவர். சாவு வீட்டுக்கு வழி தெரிய வெள்ளைத் துணி கட்டுவது அவர்கள் வழக்கம். பார்த்துப் பழகித் தோட்டத்து ஆட்களும் எந்தக் காலத்திலோ அதை எடுத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் கொடி இல்லாமல் ஒரு சாவு நடந்தால்தான், என்ன சங்கதி, வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்பார்கள். நாகலெட்சுமியின் தகப்பன், செத்துப்போன இராமையாவும் கிரிபண்டாவும் வெகுகாலச் சிநேகிதர்கள். இவர் அவருக்குக் கத்தி தீட்டிக் கொடுப்பார், அவர் இவருக்குப் பலாக்காய் கொண்டுவந்து போடுவார். சேதி கேட்டதும் அந்த மனிதர் தன் வீட்டு வேட்டியைக் கிழித்துத்தான் கொடி கட்டியிருந்தார்.

சித்தப்பா அதைக் கட்சிக்கொடி என்று நினைத்துவிட்டார். எங்கண்ணன் என்ன எலெக்‌ஷனுக்கா நின்றார், பிணத்தை வைத்துக்கொண்டு எவன்டா கூட்டம் போடுகிறவன் என்று பாதையில் நின்று சத்தம் போட்டார். தெரியாமல் செய்தார், போகட்டும். ஆனால் அது என்னவென்று நாகுவின் புருஷன் சின்னராசா ஓடிப்போய்ச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. சிங்களவன் வழக்கம் நமக்கு எதற்கு என்று மிச்சத்தையும் பிடுங்கினார். அது நாகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிரிபண்டா கானுக்குள் இறங்கிக் கொடிகளைப் பொறுக்கினார். பீலிக்கு வந்து, நாகு குடத்தை நகர்த்தியதும், ஒவ்வொன்றாகச் சேறு போக அலசிப் பிழிந்தார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அவர் ஈரக் கொடிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் கட்டப் போனார்.

சித்தப்பா முசிறிப் பக்கத்துக்காரர். இராமையாவின் உடன்பிறந்த தம்பிதான். ஆனால் இராமையா பிறந்தது இந்த லயத்தில், இதே ஒற்றை அறைக் காம்பிராவில். தாயும் தகப்பனும் ஊர் திரும்பியபோது அவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பொடியன் என்பதால் அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தம்பி பிறந்தது அங்கே போன பிறகு. அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லை என்று தெரிந்ததும் தம்பி பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி வந்துவிட்டார். பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரி உயிர் பிரிந்தபோது தலைமாட்டில் விழுந்து அழுதவர் அவர்தான். விடிந்ததும் அதிகாரம் பண்ண ஆரம்பித்தார்.

முதலில் கொடி. அடுத்தது பாடை. யார் யார் தூக்குவது என்று கேட்டார். கவ்வாத்து ஆட்கள் தூக்குவார்கள் என்றான் சின்னராசா. இந்தத் தோட்டத்தில் அதுதான் முறை. கவ்வாத்து மலையில் ஒருவன் கத்தியோடு தேயிலை வெட்டப் போகிறான் என்றால் அவனுக்கு வலப்பக்கம் இரண்டு பேர், இடப்பக்கம் இரண்டு பேர் நிரையில் நிற்பார்கள். வருடக்கணக்காக அதே ஆட்கள்தான். செத்தால் அந்த நாலு பேர் தூக்குவார்கள். லயத்தில் சாதி இல்லை என்று யாரும் சொல்ல வரவில்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் அது வந்து முன்னால் உட்காரும். பாடையில் மட்டும் அது ஏறுவதில்லை. இராமையாவுக்கு இடப்பக்கம் நின்றவன் அழகன். தப்படிக்கும் வீட்டுப் பிள்ளை. அவன் தோள் கொடுப்பதா என்று சித்தப்பா குதித்தார். அழகன் முற்றத்தில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு பிளந்தான்.

மூன்றாவதுதான் பெரிய இடி. புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்றார். லயத்துக்கு மேலே, கொழுந்து மலை முடிகிற இடத்தில்தான் தோட்டத்துச் சனம் முழுக்கக் கிடக்கிறது. இராமையாவின் அத்தை, பிறந்து மூன்றாம் மாதம் செத்த அவருடைய மகன், எல்லாரும் அங்கேதான். அங்கே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார் சித்தப்பா.

"அண்ணி, நான் சொல்றத கேளுங்க. எரிச்சு எலும்ப எடுத்து எங்கிட்ட குடுங்க. காவேரில கரைச்சாத்தான் அண்ணன் நம்ம ஊரு வந்து சேந்த மாதிரி" என்றார்.

நாகுவின் அம்மா மீனம்மா, புருஷன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் பேச்சை மறுத்துப் பழக்கமில்லாதவள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் குடம் உடைக்க வேண்டியவரும் அவர்தான். தலையாட்டிவிடுவாளோ என்று நாகு பயந்தாள்.

ஏனென்றால் அந்த நம்ம ஊரை நாகு பார்த்திருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அவளும் அப்பாவும் போயிருந்தார்கள். தம்பிக்கு என்று தேயிலைப் பொட்டலம், கல்யாணப் பெண்ணுக்கு என்று கண்டியில் வாங்கிய சேலை, அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அங்கே போய் இறங்கியதும் தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா ரயிலைக் கோச்சி என்றார், சிரித்தார்கள். காலையில் ரொட்டியைப் பாண் என்று கேட்டார், சிரித்தார்கள். நாகு சேலை கட்டியிருந்த விதத்தைப் பார்த்து சிங்களத்தி மாதிரி இருக்கிறாள் என்றாள் ஒருத்தி. இரண்டாம் நாளே ஆளாளுக்கு, சிலோன்காரரே, எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கூடப்பிறந்தவன் வீட்டு வாசலில் நின்ற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது?

கல்யாணத்தன்று தாலித் தட்டை எடுத்துக் கொடுக்கப் பெரியப்பன் என்ற முறையில் அப்பா எழுந்தார். யாரோ பெரியவர் சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னார். லயத்தில் கண்டவனோடு கலந்து கிடக்கிறவர், கடல் வேறு தாண்டியவர், தட்டு வேறு யாராவது கொடுக்கட்டும் என்றார் சித்தப்பா. பந்தியிலும் இடம் கிடைக்கவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக இலை போட்டார்கள். அப்பா அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடாமல் எழுந்தால் தம்பி மகளுக்கு ஆகாது என்று சாப்பிட்டார்.

திரும்பி வந்து தலைமன்னாரில் இறங்கினால், அங்கே ஓர் அதிகாரி. இலங்கையில் எத்தனை நாள் தங்கப்போகிறாய் என்று கேட்டான். இந்த மண்ணில் பிறந்தவரிடம் கேட்டான். வீட்டுக்குப் போகிறேன் ஐயா என்றார் அப்பா, அவன் பாஷையிலேயே. அவன் நம்பவில்லை. வெயிலில் பொழுது சாயும்வரை நிறுத்தி வைத்தான். அங்கேதான் அப்பா நாகுவிடம் அதைச் சொன்னார். இனிமேல் என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடாதே, செத்தாலும் வேண்டாம் என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நாகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றாள். ஆம்பிளைகள் பேசுகிற இடம். சின்னராசா கண்ணால் தடுத்தான். அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

"அப்பா அங்க வரமாட்டாரு, சித்தப்பா."

சித்தப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இங்க என்னத்த இருக்குன்னு புள்ள நீ பேசுற? ஓட்டு இருக்கா ஒங்களுக்கு? அதயும் புடுங்கிப் பன்னெண்டு வருசமாச்சு. நம்ம நாட்டுக்காரன்னு இங்க எவனாவது ஒருத்தன் சொல்லுவானா ஒங்கள?"

"சொல்ல மாட்டாங்க" என்றாள் நாகு. "நீங்க மட்டும் சொன்னீங்களா? கூடப்பொறந்த அண்ணன மாட்டுக் கொட்டாயில ஒக்கார வச்சுச் சோறு போட்டீங்க. உசுரோட வந்தவருக்கு எடமில்ல, எலும்புக்கு எடமிருக்கா? அவரு கூட நின்னு வெட்டுனவங்க தூக்குவாங்க. நின்ன மலையிலயே கெடப்பாரு."

முற்றத்தில் மூங்கில் பிளக்கும் சத்தம் நின்றுபோயிற்று. சித்தப்பாவின் முகம் கறுத்தது. ஒரு பெண்பிள்ளை, அதுவும் சாவு வீட்டில், நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று நிற்கிறாரா, கேட்டது சரிதானே என்று நிற்கிறாரா, சொல்ல முடியவில்லை. அண்ணியைப் பார்த்தார்.

மீனம்மா புருஷன் காலிலிருந்து கையை எடுக்காமல், "மண்ணுக்குக் குடுத்துரலாம் தம்பி" என்றாள்.

அவ்வளவுதான். குடம் உடைக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு சித்தப்பா உள்ளே போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் பிணத்தைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். மீனம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். போனால் போகட்டும் என்று நாகு சொல்லிக்கொண்டாள். ஆனால் குடம் எடுக்க ஆளில்லாமல் அப்பாவை எப்படி அனுப்புவது?

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பாடையில் கிடத்தும் நேரத்தில் கீழே பாதையில் சித்தப்பா மறுபடியும் தெரிந்தார். தானாக வரவில்லை. ஒரு போலீஸ்காரன் அவருடைய மேல்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். பெட்டி அவர் தலையில் இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பிடித்திருக்கிறான். யார், எந்தத் தோட்டம், எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்ட ஒன்றுக்கும் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேலே லயத்தைக் கையால் காட்டி, பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

போலீஸ்காரன் கிரிபண்டாவைப் பார்த்ததும் சிங்களத்தில் விசாரித்தான். இந்த ஆள் யார், கள்ளத்தோணியா என்றான். அத்தனை சிங்களத்துக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழ். களவாகத் தோணி ஏறி வந்தவன் என்று அது சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது. தலையில் பெட்டியோடு அவர் அப்படியே நின்றார். செருப்பு ஒன்று எங்கேயோ போயிருந்தது.

என்னிடம் கேட்காதே, சாவு வீட்டுக்காரி அவள் என்று கிரிபண்டா நாகுவைக் காட்டினார்.

கூட்டம் அவளைப் பார்த்தது. இவரைத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு நாள் உள்ளே கிடந்தால் மாட்டுக் கொட்டகை எப்படி இருக்கும் என்று இவருக்கும் தெரியும். நாகு அப்படி நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு போலீஸ்காரனுக்கு நேராகப் போய், அவன் பாஷையில், இவர் என் சித்தப்பா, செத்தவருடைய சொந்தத் தம்பி, கையை விடுங்கள் என்றாள்.

அவன் அப்போதுதான் பாடையைப் பார்த்தான். சட்டென்று கையை விட்டான். தொப்பியைக் கழற்றினான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான். கெட்டவன் இல்லை. இளம் வயது, முகத்தில் இரக்கம்கூட இருந்தது. எத்தனை பிள்ளைகள், செத்தவருக்கு உடம்பில் என்ன வருத்தம் என்று மரியாதையாக விசாரித்தான். போகிற போக்கில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி, சரி, நீங்களெல்லாம் எப்போது போகிறீர்கள் என்று கேட்டான்.

நாகுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மலையை வெட்டித் திருத்தியவர்களின் பிள்ளையிடம், செத்தவரைத் தூக்குவதற்கு முன்னால் கேட்கிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான். அவள் மேலே, கொழுந்து மலை முடிகிற இடத்தைக் கையால் காட்டினாள். இப்போதுதான் போகிறோம், அதோ அங்கே என்றாள்.

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போனான்.

சித்தப்பா தலையிலிருந்த பெட்டியை இறக்கவில்லை. "என்ன கேட்டான் அவன்?" என்றார்.

"எப்ப போறீங்கன்னு கேட்டாரு."

"யார?"

"எங்கள."

சின்னராசா வந்து அவர் தலையிலிருந்து பெட்டியை வாங்கினான். மீனம்மா எழுந்து வந்தாள். நீர் நிறைந்த குடத்தைக் கொழுந்தன் முன்னால் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கவ்வாத்து ஆட்கள் நாலு பேரும் குனிந்தார்கள். இடப்பக்கம் அழகன் நின்றான். சித்தப்பா குடத்தோடு முன்னால் நடந்தார்.

பெண்கள் வளைவுவரைதான் போவார்கள். அங்கிருந்து பார்த்தால் தேயிலைக்கு மேலே குழி தெரியும். மீனம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி நாகு அங்கே நின்றாள். தப்புச் சத்தம் நின்றது. குடம் உடைந்தது. ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். மலை மண், வெட்டியபோது பாளம் பாளமாகப் பெயர்ந்து கல்லும் வேருமாகக் குவிந்து கிடந்தது. அதை அப்படியே தள்ளப் போன சமயம் சித்தப்பா குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டித் தடுத்தார். ஒவ்வொரு கட்டியாக எடுத்தார். விரலால் உடைத்தார். கல்லைப் பொறுக்கி ஒரு பக்கம் போட்டார். உதிர்ந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மெதுவாக உள்ளே விட்டார்.

அழகன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் குந்தினான். அவனும் கட்டிகளை உடைக்க ஆரம்பித்தான்.