காதுக்காரர்

கிடார் பிராசசரைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்து எட்டுத் திருகாணிகளையும் கழற்றித் தட்டில் வைத்தார் காதுக்காரர். மூன்று நாளில் இது நான்காவது தடவை. உள்ளே புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடமாடும் முதலாளிக்குச் சும்மா இருப்பதாகத் தோன்றும். அதனால் திறந்தார்.

இசைக்கருவிக் கடையின் பின்பக்கம், நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சு விட இடமில்லாத சர்வீஸ் அறை. சத்தம் கடைக்குள் போகாமல் இருக்கச் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. ஜன்னல் இருந்த இடத்திலும் ஸ்பாஞ்ச்தான். மூலையில் இரண்டு ஸ்பீக்கர்கள், மேசைமேல் ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் கருவி, கம்ப்யூட்டர், ஒரு பழைய கிடார். பதினான்கு வருடமாக அவர் பகல் பொழுதைப் பார்த்தது சாப்பாட்டு வேளையில்தான்.

மேசைமேல் கிடந்தது கிடார்காரர்கள் காலடியில் போட்டு மிதிக்கிற பெட்டி. கிடாரிலிருந்து வருகிற சத்தத்துக்கு இதற்குள் எதிரொலி சேர்க்கலாம், கரகரப்பு ஏற்றலாம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டியபடி சத்தத்தை அமைத்து எண் கொடுத்துச் சேமித்து வைப்பதற்குப் பேட்ச் என்று பெயர். கடையில் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் காதுக்காரர் அமைத்த நாற்பது பேட்ச் ஏற்றப்பட்டிருக்கும். "எங்க காதுக்காரர் போட்டது சார். வேற எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்று முதலாளி சொல்லியே விற்பார். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவரும் முதலாளிதான். சூட்டியதற்கு ஒன்றும் செலவாகவில்லை.

பெட்டியோடு நூலால் கட்டியிருந்த சீட்டில், பில் போடுகிற பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில் புகார் எழுதியிருந்தது: 'விசில் சத்தம் வருகிறது. வாசிக்காதபோதும் வருகிறது.'

அந்த விசில்தான் காதுக்காரருக்குக் கேட்கவில்லை.

முதல் நாள் ஜாக்குகளைத் துடைத்தார், கேபிளை மாற்றினார். இரண்டாம் நாள் பேட்ச்சுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். தரையில் வைத்தார், மரப்பலகைமேல் வைத்தார். அடித்தொண்டையில் உறுமுகிற கோளாறாக இருந்தால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். விசில் வேறு சமாச்சாரம். கீச்சென்று கேட்கிற சத்தங்கள் எல்லாம் ஒரு வருடமாக அவரைவிட்டு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

போன மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துவிட்டு அது கத்துவதற்காகக் காத்திருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. அடுப்படியிலிருந்து மனைவி வந்து, "அது அப்பவே கத்திடுச்சு. எடுத்துப் பாக்காம பிள்ளையை எதுக்கு இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். யோசனையாக இருந்துவிட்டேன் என்று மழுப்பினார். அன்று இரவு படுக்கையில் தெர்மாமீட்டரைக் காதோடு வைத்து நான்கு முறை அழுத்திப் பார்த்தார். ஒரு முறையும் கேட்கவில்லை.

முதலாளியிடம் சொல்ல முடியாது. இவருக்கு முன் இந்த மேசையில் இருந்தவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, "கொஞ்ச நாள் குடோன்ல இருங்க, ஓய்வா இருக்கும்" என்று அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் குடோனிலும் அவர் இல்லை. மகளுக்கு இன்னும் நான்கு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. காது போன காதுக்காரரை வேறு எந்தக் கடை வைத்துக்கொள்ளும்?

மத்தியானம் பெட்டியின் சொந்தக்காரர் வந்துவிட்டார். பாட்டுக் குழுவில் வாசிக்கிற கிடார்காரர். தலைக்குச் சாயம் போட்டு மீசைக்குப் போட மறந்தவர்.

"என்ன மாஸ்டர், சரியாயிடுச்சா?"

"மெஷின் சுத்தமா இருக்குங்க. ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப விசில்?"

"விசிலே இல்லீங்க." சொல்லும்போது தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

கிடார்காரரின் முகம் சுருங்கியது. "இல்லைன்னு சொன்னா எப்படி? போன வாரம் மேடையில பாட்டுக்காரம்மா பாதிப் பாட்டுல திரும்பி முறைக்கறாங்க. 'உன் பெட்டி விசிலடிக்குது, சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு, இல்லைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. நல்லா கேளுங்க மாஸ்டர்."

காதுக்காரர் பெட்டியை மூடி, ஒயர்களைச் செருகி, பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டினார். இருவரும் குனிந்து கேட்டார்கள். பெட்டியைப் பார்த்ததைவிட ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததுதான் அதிகம்.

"இப்ப கேக்குதா?" என்றார் கிடார்காரர்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதே. லேசா."

"லேசான்னா எவ்வளவு?"

"லேசான்னா... லேசாதான்."

காதுக்காரரின் கண் தற்செயலாக ஸ்பீக்கர் பக்கம் போனது. அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்பீக்கரை அவர் இன்னும் போடவே இல்லை. எந்தச் சத்தமும் எங்கிருந்தும் வர வழியில்லை.

கிடார்காரரின் சாயம் போடாத மீசையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார். இருவரும் மறுபடி குனிந்தார்கள்.

கதவு திறந்தது. கையெழுத்து வாங்க நாலைந்து சீட்டுகளோடு வந்த பில் போடுகிற பெண், வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்னண்ணே இது! பல்லெல்லாம் கூசுது. ரெண்டு பேரும் எப்படித்தான் இதுக்குள்ள உக்காந்திருக்கீங்க?"

இருவரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாய் அசைவது தெரிந்தது, அவள் பேசியதும் கேட்டது. அவள் எதற்காகக் காதைப் பொத்தினாளோ அது மட்டும் கேட்கவில்லை. அறையில் இரண்டு பெரிய மனிதர்கள் அசடு வழிந்து நின்றார்கள்.

முதலில் கிடார்காரர்தான் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருசமா டிரம்ஸுக்குப் பக்கத்துல நிக்கிறேன் மாஸ்டர். குழுவில தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிஞ்சுது. அதான் கேக்குதுன்னேன்."

"எனக்கும் அதே கதைதாங்க" என்றார் காதுக்காரர். யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாயிற்று. பில் போடுகிற பெண்ணைப் பார்த்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் நில்லும்மா. கேட்டுச் சொல்லு."

அவள் கதவைச் சாத்திவிட்டு ஒரு கையால் மட்டும் காதை மூடிக்கொண்டு நின்றாள். காதுக்காரர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கிடார் ஒயரை எடுத்தார், விசில் இருந்தது. கம்ப்யூட்டர் ஒயரை எடுத்தார், இருந்தது. அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கடையின் அடாப்டரைப் போட்டார்.

"நின்னுடுச்சுண்ணே" என்றாள்.

"ஓ, அதுவா?" என்று கிடார்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பழசு எரிஞ்சு போச்சு. பஸ் ஸ்டாண்டுல வாங்கி மாட்டினேன்."

காதுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாளாகப் பெட்டியைத் திறந்து திறந்து மூடியவர், சுவரில் செருகியதைச் சந்தேகிக்கவே இல்லை. விசில் காதில் விழுந்திருந்தால் முதலில் பிடுங்கியிருப்பது அதைத்தான்.

வேலை முடிந்தது என்று கிடார் ஒயரைத் திரும்பச் செருகி, பேட்ச்சுகளை ஒவ்வொன்றாக மிதித்து, கிடாரை மீட்டிப் பார்த்தார். இந்தத் தடவை அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் இருக்கா?"

"விசில் இல்லண்ணே. இந்தச் சத்தமே அப்படித்தான் இருக்கு. தகரத்துல ஆணியால கிழிக்கற மாதிரி."

அது அவர் எட்டு மாதத்துக்கு முன் அமைத்த பேட்ச். பழைய பேட்ச் ஒன்றை மிதித்தார். "இது நல்லாருக்கு. இதமா இருக்கு" என்றாள். அது ஐந்து வருடத்துக்கு முந்தையது. அடுத்து புதியது ஒன்று. மறுபடி கை காதுக்குப் போனது.

காதுக்காரர் பெட்டியின் திரையைப் பார்த்தார். பழைய பேட்ச்சில் சத்தத்தின் கூர்மையைக் காட்டும் ட்ரெபிள் நான்கு, ஐந்து என்று இருந்தது. புதியதில் எட்டு, ஒன்பது. தன் காதுக்கு எட்டுகிறவரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். எட்டாததால் இன்னும் ஏற்றியிருக்கிறார். ஒரு வருடமாக இந்தக் கடையிலிருந்து போன ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த ஆணி இருந்தது. எத்தனை மேடையில் எத்தனை பேர் முகம் சுளித்தார்களோ, எத்தனை பேர் தங்கள் கிடாரைக் குறை சொன்னார்களோ. அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சரிம்மா. நான் குறைச்சுக்கிட்டே வர்றேன். நல்லா இருக்கற இடத்துல கையைக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள். வாடிக்கையாளர் வந்தால் ஓடிப்போய்ப் பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கிடார்காரர் தன் பாட்டுகளின் வரிசையைச் சொன்னார், தனிப்பாட்டுக்கு எதிரொலி இவ்வளவு, குழுப்பாட்டுக்குக் கரகரப்பு இவ்வளவு என்று. காதுக்காரர் குமிழைத் திருப்பினார். அவள் கை இறங்கியும் ஏறியும் வந்தது. சாயங்காலத்துக்குள் இருபது பேட்ச் புதிதாக அமைந்துவிட்டது. மூன்று பேரில் அது எப்படி ஒலித்தது என்பது அந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேண்ணே" என்றாள் போகும்போது. சொல்லவும் இல்லை.

சொன்னது கிடார்காரர். சனிக்கிழமை நிகழ்ச்சி பிரமாதமாகப் போயிருந்தது. பாட்டுக்காரம்மா மைக்கிலேயே பாராட்டிவிட்டார். திங்கட்கிழமை அந்தச் சந்தோஷத்தோடு கடைக்கு வந்தவர், கல்லாவில் இருந்த முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மாஸ்டர் கையும் பில் போடற பொண்ணோட காதும் சேர்ந்தா அடிச்சுக்க ஆளில்ல சார்!" நல்லது செய்வதாகத்தான் நினைத்தார், பாவம்.

அன்று மாலை முதலாளி சர்வீஸ் அறைக்கே வந்தார். கோபமெல்லாம் படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"பயந்துட்டேன் முதலாளி."

"என்ன பயம்? நீ குடோனுக்குப் போ. அங்க சத்தமே கிடையாது. உனக்கும் ஓய்வா இருக்கும்."

காதுக்காரர் எழுந்து நின்றார். பதினான்கு வருடத்தில் பேசாததைப் பேசினார். "இந்த அறையிலதான் முதலாளி போச்சு. ஒவ்வொரு மெஷினையும் முழுச் சத்தத்துல ஒரு மணி நேரம் ஓட விட்டுக் கேக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. காதுல வெச்சுக்க அடைப்பான் கேட்டேன்."

"காதை அடைச்சுக்கிட்டுக் காதால எப்படிய்யா வேலை செய்வே?" முதலாளி சிரித்தார். அன்றும் இதையே சொல்லித்தான் சிரித்திருந்தார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். மனசுல வெச்சுக்காதே."

பிறகு கதவைத் திறந்து பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டார். "நாளையிலிருந்து டெஸ்ட்டிங் நீ பாரும்மா. பில் கம்ப்யூட்டரையும் உள்ளேயே மாத்திடலாம், ரெண்டையும் கவனிச்சுக்கலாம்."

"சம்பளம் சார்?" என்று கேட்டாள் அவள்.

"முதல்ல கத்துக்க. அப்புறம் பாக்கலாம்."

அவள் காதுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவளும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவள்மேல் வருத்தப்பட அவரால் முடியவில்லை. தன்மேல்தான் வருத்தமாக இருந்தது.

மூன்று வாரம் கழிந்தது. குடோனில் காதுக்காரருக்கு அட்டைப்பெட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலை. பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கடையில் எல்லோரும் தாங்களாகவே நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம், கடை சாத்துகிற நேரத்தில் இருப்புச் சீட்டைக் கொடுக்க வந்தவரை அவள் சர்வீஸ் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. எதோ ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கு. எதுன்னு தெரியல."

உள்ளே போனார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. பெட்டிகளின் திரைகள் எல்லாம் கறுத்திருந்தன. ஸ்பீக்கர் விளக்கும் எரியவில்லை.

"எல்லாம் நின்னுதானம்மா இருக்கு."

"இல்லண்ணே. விசில் கேக்குது. மெல்லிசா. நாலு நாளா நான் கடைசியா அணைக்கும்போது இதே தொல்லை."

காதுக்காரர் மேசைக்குப் பின்னால் கையை விட்டு, அறை முழுவதற்குமான பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி அவளிடம் காட்டினார்.

"இப்ப?"

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கேட்டாள். "இப்பவும் வருதுண்ணே."

எட்டு வருடத்துக்கு முன் அவருக்கும் வந்தது. எந்த மெஷின் என்று அவரும் ஒரு வாரம் தேடி, கடைசியில் தன் காதுக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கிறார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பிளக்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவள் அதற்குள் முந்தானையைச் செருகிக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு ஒயராகத் தூக்கிக் காதில் வைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.