பாலம் தாண்டாத விதை

பிழிந்த எலுமிச்சை மூடிகள் தார் டிரம்முக்குள் விழுந்துகொண்டே இருக்கின்றன, அடியில் கங்கு கிடப்பதால் ஒவ்வொன்றும் விழும்போது சுர்ரென்கிறது, பாலத்துச் செக்போஸ்ட்டில் வரிசையாக உட்கார்ந்து நாங்கள் பிழிகிறோம், எங்கள் பக்கத்து மரங்களில் சொறி நோயாம், பழம், இலை, கொப்பு, விதை எதுவும் பாலம் தாண்டக்கூடாது, சாறு மட்டும் போகலாம் என்று உத்தரவு, சர்க்காருக்கும் நாக்கு இருக்கிறது போல, நான் பிழிவது என் வீட்டு மரத்தின் கடைசிக் காய்கள், நாளை அதை வெட்டிக் கொளுத்துவார்கள், அதன் உடம்பில் ஒரு சொறி கிடையாது, பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த நோய்க்கு அது என்ன செய்யும், மகள் உலகம்மாள் பிறந்த வருஷம் என் வீட்டுக்காரர் ஊன்றிய விதை, ஏளா, இவளுக்கு ஒரு தங்கச்சி வந்திருக்கா பாரு என்று முளையைக் காட்டிச் சிரிக்கிறார், அவர் போய்விட்டார், தங்கச்சி நிற்கிறாள், நேற்றுக் கண்ணசந்தபோது அந்த மரம் வேர்களைச் சேலைக் கொசுவம்போல் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தில் நடக்கிறது, நானும் கூடவே போகிறேன், மறித்தவர்களிடம் இவளும் எம் மகதான் என்று சண்டை போடுகிறேன், விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

அக்கரையில் இன்று உலகம்மாளுக்கு வளைகாப்பு, எலுமிச்சைச் சோறு இந்த மரத்துச் சாற்றில்தான், பிறக்கப்போகும் பிள்ளைக்கும் ஒரு தங்கச்சி வேண்டாமா, அதற்குத்தான் ஒரு விதையை நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் இன்பராஜ் என் தூக்குவாளிச் சாற்றை டீ வடிகட்டியில் ஊற்றி விதை பொறுக்குகிறார், புளிப்புப் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்திருக்கிறது, ஊரே ஏசுகிறது இவரை, நானும்தான் ஏசினேன், இப்போது பாவமாக இருக்கிறது, எங்க போறிய யக்கா, கையைக் காட்டுகிறேன், மக வீட்டுக்கா, தலையை ஆட்டுகிறேன், வாயில என்ன, வெத்தலையா, அதற்கும் ஆட்டுகிறேன், என் சிவக்காத உதட்டையே பார்க்கிறார், வாயைத் திறங்க என்று சொல்வார், நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருக்கிறேன், மக வீட்ல எலுமிச்ச மரம் நிக்கா யக்கா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுகிறார், நடக்கிறேன், பாலம் பாதிகூட வரவில்லை, மருமகனின் எலுமிச்சைத் தோப்பு கண்ணுக்குள் வந்து நிற்கிறது, பூவும் பிஞ்சுமாக, அந்த வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான், அந்தப் பிள்ளையும் அதில்தான் வளரவேண்டும், என் விதையில் நோய் இருக்காது, இருக்கவே இருக்காது, பக்கத்துத் தோட்டக்காரனும் இப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தான், கால் திரும்பிவிட்டது, டிரம்முக்குள் குனிகிறேன், மூடிகள் விழுந்துகொண்டே இருக்கின்றன, சுர், சுர், நான் துப்பியது மட்டும் சத்தமே போடவில்லை, இன்பராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இப்போதுதான் எனக்கு வாய் திறக்க முடிகிறது, நிக்கு தம்பி, எம் மக வீட்ல நெறைய நிக்கு.